உயர்மலை ஏரிக்கரை ஓட்டமும் உயர்மலை நோயும்

லடாக்கின் பாங்காங் ஏரி ஏறத்தாழ 4,250 மீட்டர் உயரத்தில் உள்ளது. 2023 பிப்ரவரியில் உறைந்த அவ்வேரியின் மீது 21 கிலோமீட்டர் ஓட்டம் நடைபெற்றது. அங்கு ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கே.

மேல்சித்தாமூர் போன்ற சமவெளி ஊரிலிருந்து செல்பவர், செஞ்சி ராஜகிரிக் கோட்டையில் நாள்தோறும் ஏறிப் பயிற்சி பெற்றவராயினும், இக்குறைவுக்குப் பழகியவர் அல்லர். உடல் வலிமை இந்நோயைத் தடுப்பதில்லை.

தொடக்க அறிகுறிகள்
தலைவலி, குமட்டல், தலைச்சுற்றல், களைப்பு, உறக்கமின்மை. இவை பெரும்பாலும் முதல் நாளிலேயே தோன்றும்.

ஆபத்தான அறிகுறிகள்
• ஓய்விலும் மூச்சுத்திணறல், விடாத இருமல்: நுரையீரலில் நீர் கோத்தலின் அடையாளம்.
• தள்ளாட்டம், மனக்குழப்பம்: மூளை வீக்கத்தின் அடையாளம்.
இரண்டும் உயிரைப் பறிக்கக்கூடியவை.

தடுப்பு முறைகள்
• லே நகரில் (3,500 மீட்டர்) முதல் இரண்டு, மூன்று நாள்கள் ஓய்வெடுக்கவும்.
• அதன் பின்னரும் படிப்படியாகவே உயரம் ஏறவும்; ஏறியவுடன் ஓடுதல் கூடாது.
• மது, தூக்க மாத்திரை தவிர்க்கவும்.
• அசெட்டசோலமைடு மாத்திரையை மருத்துவர் பரிந்துரைத்தால் மட்டுமே உட்கொள்ளவும்.
• இதய, நுரையீரல் நோயாளிகளும் கருவுற்ற பெண்களும் பயணத்திற்கு முன் மருத்துவரைக் கலந்தாலோசிக்கவும்.

உடன் செல்வோர் கவனத்திற்கு
உயரம் குறைந்த இடத்திற்கு இறக்குவதே முதன்மைச் சிகிச்சை. ஆனால் பாங்காங்கிலிருந்து லே திரும்பும் வழக்கமான சாலை, 5,300 மீட்டருக்கும் உயர்ந்த சாங் லா கணவாயைக் கடந்தே இறங்குகிறது. ஆகவே, லேயில் தலைவலி முற்றிலும் நீங்காதவரை ஏரிக்கு அழைத்துச் செல்லாதீர்கள். ஆபத்தான அறிகுறி தோன்றினால் ஆக்சிஜன் அளித்து, உடனே 112 எண்ணை அழைக்கவும். நோயுற்றவரைத் தனியே விடாதீர்கள்.