உப்பு வண்டியின் கதை: உமணர் காலம் முதல் பிக்கப் வரை

சென்னையிலிருந்து கிழக்கு கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குப் போகிறவர்கள் மரக்காணத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். சாலையோரம் பாத்தி பாத்தியாக உப்பளங்கள், அங்கங்கே வெள்ளைக் குவியல்கள். உப்பின் வரலாறு என்றாலே தண்டி, வேதாரண்யம், 1930 என்று சொல்லிவிடுவார்கள். அந்த உப்பைச் சுமந்த வண்டிகளின் வரலாறு அதிகம் பேசப்படுவதில்லை. அதுவும் சுவாரசியமான கதைதான். ஏனென்றால் உப்பு ஏற்றும் வண்டி சும்மா ஓடாது, அதை அடிக்கடி பிரித்து மறுபடி கட்டிக்கொண்டே இருக்க வேண்டும்!

சங்க காலத்து ஸ்பேர் பார்ட்

சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்தக் காலத்தில் கடற்கரை உப்பை உள்நாட்டுக்குக் கொண்டுபோய் விற்றவர்கள் உமணர்கள். அவர்கள் மாட்டு வண்டியின் உறுப்புகளைப் பெரும்பாணாற்றுப்படை விரிவாகச் சொல்கிறது. புறநானூற்றின் 102-ஆம் பாட்டில் ஔவையார் இன்னொரு விஷயம் சொல்கிறார். உமணர்கள் வண்டியின் அடியில் ஓர் உதிரி அச்சையும் கட்டிக்கொண்டு போவார்களாம். மேடும் பள்ளமுமான வழியில் அச்சு முறிந்தால் அங்கேயே மாற்றிக்கொள்ளலாம் அல்லவா? இன்று வண்டியில் இருக்கும் ஸ்டெப்னிக்கு இதுதான் மூத்த உறவு. வண்டியை ஓட்டுபவரே அதைப் பழுதுபார்க்கவும் தெரிந்தவராக இருந்தார் என்பதற்கு இது நல்ல சான்று.

படகு போய் லாரி வந்தது

ஆங்கிலேயர் காலத்தில் உப்பு தண்ணீர் வழியாகவும் போனது. 1806-இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே தொடங்கிய கால்வாய் படிப்படியாக நீண்டு, வடக்கே ஆந்திரத்துக்கும் தெற்கே மரக்காணத்துக்கும் போய்ச் சேர்ந்தது. 1877-78 பஞ்சத்தில் நிவாரண வேலையாகச் சென்னை நகருக்குள் ஒரு பகுதி வெட்டப்பட்டது. அப்போதைய கவர்னர் பெயரால் அது பக்கிங்ஹாம் கால்வாய் ஆனது. 1965, 1966 புயல்களில் கால்வாய் பெரிதும் சேதமடைந்தது. சாலைகள் பெருகப் பெருக, படகில் போன சரக்கு லாரிக்கு மாறியது.

போர்க்காலப் பட்டறைகள்

வண்டியைத் தேவைக்கேற்ப மாற்றிக் கட்டுவது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. சென்னையில் சிம்ப்சன் நிறுவனம் 1903-லேயே நீராவிக் கார் ஒன்றைக் கட்டிக் காட்டியது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, பஸ்களின் பின்னால் கரி அடுப்பு போன்ற கலனைப் பொருத்தி, அதிலிருந்து வரும் வாயுவில் ஓட்டினார்கள்.

1947-இல் மஹிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்பை இந்தியாவில் தொகுக்கத் தொடங்கியது. அதன் பிறகு பல ஆண்டுகள் லைசென்ஸ் ராஜ்யம். புது வண்டி வேண்டுமென்றால் காத்திருக்க வேண்டும். எனவே பழைய வண்டியைத் தூக்கிப்போடும் பேச்சே கிடையாது. கம்பெனியிலிருந்து எஞ்சினும் சேஸியும் மட்டும் வரும், பாடியை இங்கே கட்டிக்கொள்ள வேண்டும். லாரிக்கு நாமக்கல், திருச்செங்கோடு, பஸ்ஸுக்கு கரூர் என்று ஊர்கள் பெயர் வாங்கியது அப்படித்தான்.

சிறிய சரக்கு வண்டிகள் பின்னால் வந்தன. 1986-இல் டாடா 407, 1988-இல் டாடாமொபைல் 206 என்ற பிக்கப், 2005-இல் நம்மூரில் 'குட்டி யானை' என்று பெயர் வாங்கிய டாடா ஏஸ், 2011-இல் அசோக் லேலண்டின் தோஸ்த். இன்று பழையதாகிப் பட்டறைக்கும் வீட்டு வாசலுக்கும் வந்து நிற்பவை இந்தத் தலைமுறை வண்டிகள்தான்.

துரு என்னும் எதிரி

இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் போதும். உப்பு கரைந்த நீரில் மின்னோட்டம் எளிதாகப் பாய்வதால் அந்த வேதிவினை வேகமெடுக்கிறது. போதாக்குறைக்கு உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் மழை பெய்யாத நாளிலும் வண்டியின் இடுக்குகள் ஈரமாகவே இருக்கும்.

கடற்கரையில் ஓடிய ஒரு பழைய பிக்கப்பை வீட்டில் சரிசெய்ய நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது பெயிண்டை அல்ல, சேஸியை. பட்டைகள் மாட்டியிருக்கும் இடம், தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று சேரும் விளிம்பு, கதவின் அடிப்பாகம், சரக்குத் தளத்தின் அடி ஆகிய இடங்களில்தான் துரு ஒளிந்திருக்கும். நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, காயவைத்து, துருவைச் சுரண்டி, அரித்த தகட்டை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்து, அதன்மேல் ரெட் ஆக்சைடு அடித்து, கடைசியில்தான் பெயிண்ட். அரித்த இடத்தின் மேலேயே பட்டி பார்த்துப் பளபளவென்று பெயிண்ட் அடித்தால் வண்டி புதிது போலத் தெரியும், சுமை ஏற்றினால் முறியும். அழகு வேறு, பலம் வேறு!

சட்டம் என்ன சொல்கிறது?

பழுதுபார்ப்பதற்குத் தடையில்லை. ஆனால் மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தம், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ என்கிறது.

கடுமையாகத் தெரியலாம், ஆனால் காரணம் இருக்கிறது. சென்னையின் 'மீன்பாடி' வண்டிகளைப் பாருங்கள். மூன்று சக்கர மிதிவண்டியில் பழைய டூவீலர் எஞ்சினைப் பொருத்தி ஓட்டுகிறார்கள். ஏழைகளின் கைத்திறமைக்கு அதைவிட உதாரணம் வேண்டாம். ஆனால் பதிவு இல்லை, இன்சூரன்ஸ் இல்லை. விபத்து நடந்தால் அடிபட்டவருக்கு இழப்பீடு கிடைப்பது கடினம், ஓட்டியவருக்கும் பாதுகாப்பு இல்லை.

யாருடைய வண்டி பாரம்பரியம்?

2021 ஜூலையில் மத்திய அரசு 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 'விண்டேஜ்' விதிகளைக் கொண்டுவந்தது. பதிவெண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும், பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். நல்ல முயற்சிதான். ஆனால் அது இருசக்கர வண்டிகளுக்கும் பயணிகள் கார்களுக்கும் மட்டுமே. சரக்கு வண்டிக்கு அதில் இடமில்லை. கோவையில் 2015-இல் திறக்கப்பட்ட ஜி.டி. கார் அருங்காட்சியகம் போன்ற இடங்களிலும் பார்வையாளர்களை வரவேற்பவை கார்கள்தான்.

காரில் போனவர்களின் வரலாறு கண்ணாடிபோல் துடைத்து வைக்கப்படுகிறது. மூட்டை சுமந்த வண்டி எடைக்குப் போய்விடுகிறது. உமணர் வண்டியில் ஒன்றுகூட இன்று நம்மிடம் இல்லை, அதன் அச்சைப் பற்றிய செய்தி மட்டும் ஒரு பாட்டில் தங்கியிருக்கிறது. உப்புக் காற்றில் பாதி அரித்துப்போன ஒரு பிக்கப்பை யாரோ ஒருவர் வீட்டு வாசலில் நிறுத்தி, பொறுமையாக, சட்டத்துக்கு உட்பட்டு உயிர்ப்பிக்கிறார் என்றால், அவர் ஒரு வண்டியை மட்டும் காப்பாற்றவில்லை. உப்பைச் சுமந்தவர்களின் வரலாற்றில் ஒரு பக்கத்தையும் காப்பாற்றுகிறார்.