புயலுக்குப் பிந்தைய காய்கறித் தோட்டச் சீரமைப்பு

புயற்காற்றாலும் அதோடு வரும் மழையாலும் சேதமடைந்த காய்கறிப் பயிர்களையும், அவை நிற்கும் மண்ணையும் மீண்டும் விளைச்சலுக்குக் கொண்டுவரும் பணி. தமிழ்நாட்டுக் கடலோரத்தில் இதற்கான தேவை பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில்தான் எழுகிறது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூர்ப் பகுதியைத் தாக்கியது. 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயலில் காற்று மணிக்கு 100 கி.மீ.க்கு மேல் வீசியது. 2024 நவம்பர் 30-இல் புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலில் காற்றைவிட மழையே பெரிய சேதம் செய்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது. காற்று மிகுந்த புயலில் பந்தல் சாய்ந்து கிடக்கும், மழை மிகுந்த புயலில் பாத்தி மூழ்கிக் கிடக்கும். செடி பிழைப்பதும் சாவதும் இரண்டிலும் வேரில்தான் தீர்மானமாகிறது. ஆகவே சீரமைப்பும் வேரிலிருந்து தொடங்க வேண்டும். இலை, தண்டு, பந்தல் எல்லாம் அதற்குப் பிறகு.

காற்றின் வேகம் இருமடங்கானால் அது செடியின்மேல் செலுத்தும் விசை நான்கு மடங்காகிறது. அந்த ஆட்டத்தில் தண்டு ஒடியாமல் தப்பினாலும், அடியில் மண் இளகிக் குழி விழுகிறது. நீரை உறிஞ்சும் நுண்வேர்கள் அறுகின்றன. அந்தக் குழியில் மழைநீர் தங்குகிறது. நீர் தேங்கிய மண்ணில் உள்ள உயிர்வளி ஓரிரு நாளில் தீர்ந்துவிடும். மூச்சு முட்டிய வேர் நீரை உறிஞ்சுவதில்லை. காலடியில் தண்ணீர் நிற்கும்போதே செடி வாடுவது இதனால்தான். அந்த வாட்டத்தைக் கண்டு மறுபடி நீர் பாய்ச்சுவது புயல் விட்டுவைத்ததையும் அழித்துவிடும். தக்காளியும் மிளகாயும் இதில் மிக மென்மையானவை. கத்தரி ஓரளவு தாங்கும். தைவானில் உள்ள உலகக் காய்கறி மையம் மழைக்காலத் தக்காளியைக் கத்தரி வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டப் பரிந்துரைத்ததற்கு ஒரு காரணம் இந்தத் தாங்கும் திறன்.

எனவே முதல் நாள் வேலை வடிகால் வெட்டுவது மட்டுமே. வயலின் தாழ்ந்த மூலையிலிருந்து தொடங்கி, பாத்திகளின் ஓரமாக வாய்க்கால் இழுத்தால் போதும். பாத்திக்குள் கால் வைக்கக் கூடாது. ஈர மண்ணை மிதித்தால் அது இறுகி, எஞ்சிய காற்றுத் துளைகளும் அடைபடும். ஒரு கைப்பிடி மண்ணை உருட்டிப் பிடித்து விரலால் அழுத்தும்போது அது உதிர்ந்தால் பதம் வந்துவிட்டது. அதன்பிறகே கொத்த வேண்டும். மணற்பாங்கான வேதாரண்யத்தில் இந்தப் பதம் விரைவில் வரும். களிமண் வயலில் தாமதமாகும். நாள் கணக்கு சொல்பவர்களை நம்புவதைவிட மண்ணைப் பிடித்துப் பார்ப்பது மேல்.

சாய்ந்த செடியை உடனே நிமிர்த்தாவிட்டால் அது கோணலாகிவிடும் என்று சொல்வார்கள். முற்றிய தண்டுக்கு அது உண்மை. இளந்தண்டின் நுனியோ ஓரிரு நாளில் தானாகவே மேல்நோக்கி வளையும். சேற்றில் நிற்கும் செடியைப் பிடித்துத் தூக்கினால், மறுபக்கத்தில் பிழைத்திருக்கும் வேர்களும் அறுபடுகின்றன. கோணலோடு காய்க்கும் செடி நேராக நின்று சாகும் செடியைவிட லாபம். மண் பதப்பட்ட பிறகு மெல்ல நிமிர்த்தி, முட்டுக்கொடுத்து, அடியில் மண் அணைக்க வேண்டும். தக்காளித் தண்டில் மண் பட்ட இடத்தில் புது வேர் விடும் என்பதால், முழுதும் சாய்ந்த தக்காளியைக் கிடந்த நிலையிலேயே மண் அணைத்தும் காப்பாற்றலாம். வேர் குறைந்த செடிக்கு இலையும் குறைய வேண்டும். கிழிந்த கிளைகளை வெட்டி விடலாம். ஒடிந்த முருங்கைக்கோ வெட்டே மருந்து. செடிமுருங்கையைத் தரையிலிருந்து சுமார் 90 செ.மீ. விட்டு வெட்டினால் மறுபடி தழைக்கும்.

இலை மஞ்சளாவதைக் காட்டி யூரியா கேட்பவர்களின் வாதம் இன்னும் வலுவானது. தேங்கிய நீரில் தழைச்சத்து கரைந்து போவதும், களிமண்ணில் நுண்ணுயிர்களால் வாயுவாக வெளியேறுவதும் உண்மையே. ஆனால் உறிஞ்ச வேர் இல்லாத இடத்தில் கொட்டும் உரம் அடுத்த மழையோடு போய்விடும். இடைக்காலத்துக்கு 1 சதவீத யூரியாக் கரைசலை, அதாவது லிட்டருக்கு 10 கிராம் வீதம், இலைவழியாகத் தெளிக்கலாம். மண்ணில் இடும் உரம் புதுத் துளிர் கண்ட பிறகு போதும். வேரழுகலுக்கு காப்பர் ஆக்ஸிகுளோரைடை லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் கலந்து வேர்ப்பகுதியில் ஊற்றுவது வழக்கம். டிரைக்கோடெர்மா போன்ற உயிர்ப் பூசணத்தை அதோடு சேர்த்து இட வேண்டாம். சாக்கடை கலந்த வெள்ளம் தொட்ட கீரையை எந்த மருந்தும் மீட்காது. அதை அழித்துவிட வேண்டும்.

இப்படிக் காத்திருந்தால் பட்டம் தவறிவிடாதா என்ற கேள்வி நியாயமானது. காத்திருக்க வேண்டியது வயல்தான், விவசாயி அல்ல. மேட்டில் பந்தலிட்டுக் குழித்தட்டில் விதைத்தால் தக்காளி நாற்று ஏறத்தாழ 25 முதல் 30 நாளிலும், மிளகாய் 40 நாளுக்குள்ளும் தயாராகும். கார்த்திகையில் அடித்த புயலுக்குப் பிறகு விதைத்த நாற்று தைப்பட்டத்துக்குச் சரியாக வந்துசேரும். மேட்டுப் பாத்தியில் முளைக்கீரை தூவினால் 25 நாளில் கைச்செலவுக்குப் பணம் வரும்.

கடல்நீர் ஏறிய நிலத்துக்கு மட்டும் வடிகால் போதாது. அங்கே உப்புநீரை வடித்த பின் மழைநீரையோ நல்ல கிணற்று நீரையோ தேக்கி, மறுபடி வடித்து, உப்பைக் கழுவ வேண்டும். சோடியம் படிந்த களிமண்ணில் ஜிப்சமும் தேவைப்படும். நீர் நிறைந்த மண்ணின் சாற்றில் அளந்த மின்கடத்துதிறன் மீட்டருக்கு 1 டெசிசீமென்ஸைத் தாண்டினாலே பீன்ஸ் விளைச்சல் குறையத் தொடங்கும். வெங்காயத்துக்கு அந்த எல்லை 1.2, மிளகாய்க்கு 1.5, தக்காளிக்கு 2.5, பீட்ரூட்டுக்கு 4. அதே முறையில் அளந்த எண்ணை இவற்றோடு ஒப்பிட்டு அந்த ஆண்டின் பயிரைத் தேர்ந்தெடுக்கலாம்.