வாரியம் முதல் ஒன்றியம் வரை: காஞ்சி நாட்டுப்புறத்தில் பொதுப்பணி முடிவுகளின் வரலாறு

காஞ்சிபுரத்தின் தென்மேற்கே, வேகவதிக் கரையில் இருக்கிறது திருப்பருத்திக்குன்றம். சமணக் காஞ்சி என்று பெயர்பெற்ற ஊர். திரைலோக்கியநாதர் கோயிலின் விதானச் சித்திரங்களையும், விஜயநகரத் தளபதி இருகப்பர் 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுப்பிய சங்கீத மண்டபத்தையும் பார்க்க வருகிறார்கள். சுவரில் உள்ள கல்வெட்டுகளை நின்று படிப்பவர்கள் குறைவு. அவற்றுள் ஒன்று முதல் குலோத்துங்கன் (1070–1120) காலத்தது. கைதடுப்பூர்ச் சபையார் இவ்வூர்ச் சமண முனிவர் கூட்டத்துக்கு, வாய்க்கால் வெட்டுவதற்காக நிலம் விற்ற செய்தியை அது சொல்கிறது. போர் வெற்றியோ அரச விழாவோ அதில் இல்லை. ஒரு கிராமத்துச் சபை கூடி, ஒரு பொதுவேலைக்கு நிலம் ஒதுக்கி, அதை எழுதி வைத்திருக்கிறது.

நாட்டுப்புற நிர்வாகத்தின் அன்றாட அலுவல் எக்காலத்திலும் ஏறத்தாழ இப்படித்தான் இருந்திருக்கிறது: ஏரிக்கரை, மதகு, வாய்க்கால், பாதை, குடிநீர், கணக்கு. ஆகவே காஞ்சிச் சுற்றுவட்டாரத்தின் ஆயிரம் ஆண்டுப் பதிவுகளைப் படிக்கும்போது, என்ன வேலை நடந்தது என்பதைவிட, அதை யார் முடிவு செய்தார்கள், யார் பணத்தில் நடந்தது என்ற இரண்டு கேள்விகளே அதிகம் சொல்கின்றன. இரண்டுக்குமான விடைகள் எதிரெதிர்த் திசையில் நகர்ந்திருக்கின்றன. முடிவெடுக்க உட்காருவோரின் வட்டம் இடையில் சுருங்கினாலும் கடைசியில் விரிந்தது. பணப்பை ஊரைவிட்டு மேலே போய்க்கொண்டே இருந்தது.

உத்திரமேரூர்: ஏரிக்கு ஒரு வாரியம்

காஞ்சிக்குத் தெற்கே உள்ள உத்திரமேரூரின் இரண்டு கல்வெட்டுகள் முதலாம் பராந்தகனின் 12, 14-ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்தவை, அதாவது கி.பி. 919, 921. இந்தியத் தொல்லியல் துறையின் 1904–05 ஆண்டறிக்கையில் கல்வெட்டாய்வாளர் வெங்கையா எழுதிய பின் இவை உலகப் புகழ் பெற்றன. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, தகுதியுள்ளோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்த முறையை எல்லோரும் அறிவார்கள். தேர்தல் முறை பேசப்பட்ட அளவுக்கு, தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்ன செய்தார்கள் என்பது பேசப்படவில்லை.

அவர்களில் 12 பேர் சம்வத்சர (ஆண்டு) வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பொன் வாரியமும் பஞ்சவார வாரியமும் தனி. பதவிக் காலம் 360 நாள். ஏரிக்கென்றே ஆறு பேர் கொண்ட குழு இருந்தது என்றால், ஏரி வேலை ஓயாத வேலையாக இருந்தது என்று பொருள். பல்லவர் காலத்திலேயே வைரமேகத் தடாகம் என்று பெயர்பெற்ற அவ்வூர் ஏரிக்கு அன்பர்கள் பொன் கொடுத்தார்கள். சபை அந்த முதலை வைத்துக்கொண்டு, வட்டியில் ஆண்டுதோறும் குழியிலிருந்து வண்டல் எடுக்க ஏற்பாடு செய்தது. தூர்வாருவதற்கு நிரந்தர வைப்பு நிதி என்ற யோசனை அப்போதே நடைமுறையில் இருந்தது. பணம் ஊரிலேயே இருந்தது. செலவும் ஊர்ச் சபையின் கையில் இருந்தது.

தகுதி நீக்க விதிகளில் முதன்மையானது கணக்கைப் பற்றியது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி குடவோலையில் சேர முடியாது. முந்தைய மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவருக்கும் இடமில்லை.

இந்தப் பெருமையின் மறுபக்கத்தையும் அதே கல்வெட்டு மறைக்காமல் சொல்கிறது. கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் உள்ள 35 முதல் 70 வயதுக்குட்பட்டவர்களுக்கே இடம். உத்திரமேரூர் சதுர்வேதிமங்கலம், அதன் சபை பிராமண நிலவுடைமையாளர்களின் சபை. பெண்களும், கரையில் மண் சுமந்த உழைப்பாளிகளும் அந்தக் குடத்துக்கு வெளியே நின்றார்கள்.

மேரை, மிராசு, ஜாகீர்

1763-இல் ஆர்க்காட்டு நவாப் செங்கல்பட்டுப் பகுதியை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். அடுத்த சில ஆண்டுகளில் தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார் (1767–1774). காந்தியர் தரம்பாலின் முயற்சியால் மறுபடி கவனத்துக்கு வந்த அந்தப் பதிவுகளும், அவற்றுக்கு மூலமான தமிழ் ஓலைக் கணக்குகளும் காட்டும் சித்திரம் தெளிவானது. களத்தில் நெல் அளக்கும்போதே கோயில், கணக்கன், கொல்லன், தச்சன், தலையாரி ஆகியோருக்கு மேரை என்ற விளைச்சல் பங்கு ஒதுக்கியது போல ஏரிக்கும் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டது. அரசுக்குப் போகும் முன்பே பொதுப்பணிக்கான நிதி களத்தில் தனியாகிவிட்டது.

கம்பெனி அந்த ஒழுங்கைக் குலைத்துத் தன் வருவாயைப் பெருக்கிக்கொண்டது. ஆனால் ஏரி உடைந்தால் வருவாயும் உடையும் என்பதை விரைவிலேயே உணர்ந்தது. 1794 முதல் 1798 வரை ஜாகீரின் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், மதுராந்தகம் ஏரியைச் செப்பனிட்டார். அந்தக் கரையை ராமர் காத்ததாகவும், அதற்காகத் தாயார் சன்னிதியை பிளேஸ் துரை கட்டித் தந்ததாகவும் ஏரிகாத்த ராமர் கோயிலில் இன்றும் சொல்வார்கள். சன்னிதிக் கல்வெட்டில் அவர் பெயர் இருக்கிறது. நிர்வாக வரலாற்றின் பார்வையில் இதன் பொருள் வேறு. ஆறு பேர் வாரியம் எடுத்த முடிவை இப்போது ஒரு கலெக்டர் எடுக்கிறார். மதிப்பீடு சென்னைக் கோட்டைக்குப் போகிறது.

ஊராரின் பொறுப்பு குடிமராமத்து என்ற பெயரில் மட்டும் மிஞ்சியது. 1858-இல் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது. வழக்கமாகச் செய்ய வேண்டிய கரை வேலையைச் செய்யத் தவறியவரிடம் தண்டம் வசூலிக்கலாம் என்றது. ஊர் தானாகச் செய்துவந்த வேலையைச் சட்டம் போட்டு வாங்க வேண்டிய நிலை வந்திருந்தது.

யார் அந்த ஊரார்? பரம்பரை நில உரிமை பெற்ற மிராசுதாரர்கள். கம்பெனி அதிகாரி பிரான்சிஸ் வைட் எல்லிஸ் 1816-இல் மிராசு உரிமை பற்றி எழுதிய விரிவான விளக்கத்துக்குத் தொண்டைமண்டலமே களம். மனைக்கட்டு முதல் மதகுத் தண்ணீர் வரை மிராசுதாரர் சொல்லே முடிவு. 1891-இல் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமன்ஹீர், பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு அனுப்பிய அறிக்கையில், குடியிருக்கும் மனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லை என்பதை எடுத்துக்காட்டினார். அடுத்த ஆண்டு பிறந்த அரசாணையிலிருந்தே, அம்மக்களுக்கு அரசு ஒதுக்கிய பஞ்சமி நிலங்களின் கதை தொடங்குகிறது. தொலைவில் இருந்த அரசு, பக்கத்தில் இருந்த ஊர்ச் சபை கொடுக்காததைக் கொடுத்தது. அதிகாரம் ஊரில் இருந்தாலே நியாயம் என்று எளிதாக முடிவு கட்ட இந்தப் பதிவு இடம் தரவில்லை.

ஜில்லா போர்டின் சாலைகள்

1866-இல் காஞ்சிபுரம் நகராட்சி ஆனது. நகருக்கு ஒரு நிர்வாகம், சுற்றியுள்ள ஊர்களுக்கு இன்னொன்று என்ற பிரிவு அன்று விழுந்தது. ஊர்ப்புறத்துக்கு 1871-இல் உள்ளூர் நிதிச் சட்டமும், ரிப்பன் பிரபுவின் 1882-ஆம் ஆண்டுத் தீர்மானத்தைத் தொடர்ந்து 1884-இல் உள்ளூர் வாரியச் சட்டமும் வந்தன. ஜில்லா போர்டு, தாலுக்கா போர்டு, யூனியன் என்று மூன்று அடுக்கு.

போர்டுகளின் அலுவல் பெரும்பாலும் கப்பிச் சாலை, பாலம், சத்திரம், மருந்தகம், பள்ளிக்கூடம், சுங்கச்சாவடிக் குத்தகை. தஞ்சாவூர் ஜில்லா போர்டு ஒரு படி மேலே போய் மாயவரம்–முத்துப்பேட்டை ரயில் பாதையையே 1894-இல் திறந்தது. நிலவரியோடு சேர்த்து வசூலான தீர்வையே இவற்றுக்கு மூலதனம்.

இந்தப் பட்டியலில் ஏரி இல்லை என்பதே கவனிக்க வேண்டியது. பெரிய ஏரிகள் பொதுப்பணித் துறையிடமும் சிறியவை வருவாய்த் துறையிடமும் இருந்தன. உத்திரமேரூர் சபைக்கு உயிர்நாடியான வேலை, உள்ளாட்சி என்று பெயர்பெற்ற அமைப்பின் கையில் இல்லை. ஊருக்கு வெளியே செல்லும் சாலை உள்ளாட்சிக்கு, ஊருக்குள் வரும் தண்ணீர் அரசாங்கத்துக்கு. தாலுக்கா போர்டுகள் 1934-இல் கலைக்கப்பட்டன.

ஒன்றியமும் நாற்பது ஹெக்டேர் கோடும்

இன்றைய அமைப்புக்கு அடித்தளம் 1958-ஆம் ஆண்டின் சென்னை ஊராட்சிகள் சட்டம். 1960 தொடங்கிப் படிப்படியாக ஊராட்சி ஒன்றியங்கள் உருவாயின. தொடக்கப் பள்ளி, சாலை, கிணறு எல்லாம் ஒன்றியக் குழுவின் மேசைக்கு வந்தன. ஊராட்சி வசூலிக்கும் வீட்டு வரிக்கு ஈடாக அரசு மானியம் தந்தது. வசூல் கூடினால் மானியமும் கூடும் என்பதால் வரி கேட்க ஊராட்சிக்கு ஊக்கம் இருந்தது.

ஏரிகளும் ஒரு பகுதி திரும்பி வந்தன. ஆயக்கட்டு, அதாவது பாசனப் பரப்பு, 40 ஹெக்டேருக்கு (100 ஏக்கர்) மேல் என்றால் பொதுப்பணித் துறை (2021 முதல் நீர்வளத் துறை). அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். தமிழ்நாட்டின் சுமார் 39,000 ஏரிகளும் இந்தக் கோட்டின் இரு பக்கமாகப் பிரிந்து நிற்கின்றன. ஆனால் காஞ்சி வட்டாரத்து ஏரிகள் சங்கிலித் தொடர்கள். மேல் ஏரியின் கலிங்கல் வழிந்து கீழ் ஏரிக்குப் போகும். இரண்டும் வெவ்வேறு அலுவலகத்தின் பொறுப்பில் இருந்தால், நடுவில் உள்ள வரத்துக்கால்வாய் யாருடையது என்ற கேள்வி ஒவ்வொரு ஐப்பசியிலும் எழும்.

அமைப்பு இருந்தும் ஆள் இல்லாத காலங்கள் நீண்டவை. 1970-க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் 1986-இல்தான் நடந்தது. இடையில், 1981-இல், ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆனார்கள். ஒன்றியத்தின் மிகப் பெரிய பொறுப்பு கோட்டைக்குப் போனது. 73-ஆவது அரசமைப்புத் திருத்தமும் 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் வந்த பின்னும் ஆள் இல்லாத நிலை முழுதாக மாறவில்லை. 2016 அக்டோபர் தேர்தல் நீதிமன்றத்தில் ரத்தானது. புதிதாகப் பிரிந்த மாவட்டங்களுக்குத் தனியே தேர்தல் நடந்ததால், காஞ்சிபுரம் மாவட்ட ஊராட்சிகள் 2021 அக்டோபர் வரை, ஐந்தாண்டுகள் முழுதும் தனி அலுவலர்களின் கையெழுத்தில் ஓடின. தீர்மானங்கள் எழுதப்பட்டன, தீர்மானிக்கக் கூடியவர்கள்தான் இல்லை.

தீர்மானப் புத்தகத்தில் என்ன இருக்கிறது

1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 110-ஆவது பிரிவு கிராம ஊராட்சியின் கட்டாயக் கடமைகளைச் சொல்கிறது: ஊர்ச் சாலை, தெருவிளக்கு, வடிகால், துப்புரவு, சுடுகாடு, குடிநீர். மாதக் கூட்டத்தின் பெரும்பகுதி இவற்றிலேயே கழியும். மோட்டார் பழுது, எல்.இ.டி. பல்பு, குழாய் உடைப்பு, குளோரின் பொடி. நெசவு ஊர்களில் வடிகால் என்பது வயிற்றுப்பாட்டுக் கேள்வி. மழைத் தண்ணீர் தறிக்குழியில் ஊறினால் பாவு நனையும், குழி காயும் வரை கூலி இல்லை.

பணம் வரும் வழி வேறு கதை சொல்கிறது. 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் முன்கூட்டியே கட்டப்பட்டது; மீதி 40 சதவீதத்தில்தான் மன்றம் தன் விருப்பத்தைக் காட்ட முடிந்தது. மதிப்பீட்டை ஒன்றியப் பொறியாளர் போடுகிறார், நிர்வாக அனுமதி மேலிருந்து வருகிறது, அளவுப் புத்தகம் பதிந்த பிறகு பட்டியல் பாஸாகிறது. தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்ற விதியால், இருவருக்கும் ஆகாத ஊர்களில் தெருவிளக்குகூட எரியாமல் போவதுண்டு.

மறுபுறம், உட்காருவோர் யார் என்று பார்த்தால் உத்திரமேரூர்க் குடம் தலைகீழாகக் கவிழ்ந்திருக்கிறது. இடங்களில் பாதி பெண்களுக்கு. பட்டியல் சாதியினருக்குச் சுழற்சி முறையில் தலைவர் பதவி. வாக்காளர் பட்டியலில் உள்ள அனைவரும் கிராம சபையின் உறுப்பினர்கள். 2022 முதல் ஆண்டுக்கு ஆறு முறை அது கூடுகிறது. வரவு செலவு அங்கே வாசிக்கப்பட வேண்டும். கணக்குக் கேட்கும் உரிமை முப்பது குடும்புகளின் நிலவுடைமையாளர்களிடமிருந்து, நூறு நாள் வேலை அட்டை வைத்திருக்கும் பெண்மணி வரை வந்து சேர்ந்திருக்கிறது.

ஏரி விஷயத்திலும் அண்மைய இரண்டு நகர்வுகள் ஆய்வுக்குரியவை. 2017 மார்ச்சில் குடிமராமத்துத் திட்டம் பழைய பெயருடன் திரும்பியது. அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அதைத் தொடங்கி வைத்தது இதே மாவட்டத்து மணிமங்கலம் ஏரியில். முதல் கட்டத்தில் 1,519 ஏரிகள், 100 கோடி ரூபாய். பாசனதாரர் பங்கு 10 சதவீதம். 2024-இல் விதி திருத்தப்பட்டு, ஏரி வண்டலை விவசாயிகளும் குயவர்களும் இலவசமாக எடுக்க, கலெக்டர் அலுவலகம் வரை போகாமல் வட்டாட்சியரிடமே அனுமதி பெறலாம் என்றானது. முடிவெடுக்கும் மேசை மாவட்டத்திலிருந்து வட்டத்துக்கு ஒரு படி இறங்கியிருக்கிறது. அடுத்த படியான கிராம சபைக்கு அந்த அதிகாரம் இன்னும் வரவில்லை. வண்டல் எடுக்கும் விண்ணப்பம் இப்போதும் தாலுக்கா அலுவலகத்துக்குத்தான் போகிறது.