தூரம் யாருக்குக் குறைந்தது?

நிலப்படம் தூரத்தை மைலால் அளக்கின்றது. வரலாறோ அதனைக் காலத்தால் அளக்கின்றது. விஞ்ஞானம் வளர வளர அந்தக் காலம் சுருங்கி வந்திருக்கின்றது என்பதை நாம் அறிவோம். ஆனால் அது யாருக்காகச் சுருங்கியது? இக்கேள்விக்கு விடை தேடுவோர் திருக்கோணமலைத் துறைமுகத்தின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தல் தகும்.

1782 ஆகஸ்டில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சஃப்ரென் இத்துறைமுகத்தை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றினான். 1783 ஜனவரி 20ஆம் நாள் ஐரோப்பாவில் இரு வல்லரசுகளும் பூர்வாங்கச் சமாதான உடன்படிக்கையில் கைச்சாத்திட்டன. பாய்க்கப்பலையும் தரைவழித் தூதரையுமே நம்பியிருந்த அக்காலத்தில் அச்செய்தி கிழக்கை அடைய மாதங்கள் பல சென்றன. அதற்குள், அவ்வாண்டு ஜூனில், சஃப்ரென் திருக்கோணமலையிலிருந்து பாய் விரித்துச் சென்றான். ஜூன் 20இல் கடலூருக்கு அருகே இரு கடற்படைகளும் மோதின. இரு தரப்பிலுமாக ஏறத்தாழ இருநூறு பேர் மாண்டனர். சமாதானச் செய்தி வந்து சேர்ந்தது ஜூன் மாத இறுதியிலேயே! முடிந்துபோன யுத்தத்திற்காக உயிர் கொடுத்தவர்கள் அந்த ஏழை மாலுமிகள். தூரத்தின் விலையை அன்று அவர்களே செலுத்தினர்.

நூற்றறுபது ஆண்டுகள் கழிந்தன. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. இங்கிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையிலான விமானத் தொடர்பு அறுந்தது. ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் திருக்கோணமலைத் துறைமுகத்தின்மீதும் சீனன்குடா விமானத்தளத்தின்மீதும் குண்டு பொழிந்தன. முதல்நாள் இரவு இங்கிருந்து புறப்பட்ட ஹெர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது. முந்நூறுக்கு மேற்பட்டோர் அதனுடன் மாண்டனர். அறுந்த தொடர்பை இணைக்க 1943இல் தென்னிலங்கையின் கொக்கலவுக்கும் பேர்த் நகருக்கும் இடையே கடல்விமானங்கள் பறக்கலாயின. 3,500 மைல் தூரத்தை எங்கும் இறங்காது ஏறத்தாழ முப்பது மணி நேரத்தில் அவை கடந்தன. ஒரே பயணத்தில் இருமுறை சூரியோதயம் கண்டனர் பிரயாணிகள். மனித முயற்சியின் மகத்தான வெற்றி அது. எனினும் அவ்விமானத்தில் இருந்தவை மூன்றே ஆசனங்கள்; அவையும் போர்த் தேவைக்கே உரியவை.

இனி, அதே திருக்கோணமலையின் சாதாரண மக்களைப் பார்ப்போம். நகரத்துக்கும் கிண்ணியாவுக்கும் இடையே கிடக்கும் நீர்ப்பரப்பின்மீது நானூறு மீற்றர் நீளங்கூட இல்லாத ஒரு பாலம் 2009இல்தான் திறக்கப்பட்டது. மாகடலை விமானம் தாண்டி அறுபத்தாறு ஆண்டுகள் ஆன பின்னரே அவர்கள் காலால் நடந்து கரை கடந்தனர். அதுவரையில் உழவனும் மீனவனும் நோயாளியும் படகுத்துறையிலேயே காத்து நின்றனர்.

ஆங்கிலேயர் 1957இல் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தனர். சீனன்குடா ஓடுபாதை இன்று இலங்கை விமானப்படையின் பொறுப்பில் உள்ளது. பிழைப்புத் தேடி வளைகுடா செல்லும் மூதூர்ப் பெண்ணோ கட்டுநாயக்கவுக்குப் போயாக வேண்டும். ஏறத்தாழ நூற்றைம்பது மைல் செல்லும் அத்தரைவழிப் பயணம் ஓர் இரவை விழுங்கிவிடுகின்றது. அங்கிருந்து டுபாய்க்குள்ள இரண்டாயிரம் மைலைக் கடக்க விமானத்திற்கு ஐந்து மணி நேரமே போதும்!

விமானத்தின் வேகத்தைப் பழிப்பதால் பயனில்லை. அந்த வேகத்தைப் படைத்த அறிவும் உழைப்பும் மனிதகுலத்தின் பொதுச் சொத்து. அதன் பயன் கிண்ணியாத் துறையிலும் மூதூர் வீதியிலும் முதலில் வந்து சேர வேண்டும். அன்றுதான் தூரம் உண்மையில் குறைந்தது என்று நாம் சொல்ல முடியும்.