முந்நூற்றுநான்கு: யாழ்ப்பாணத்துச் சீட்டாட்டமொன்றின் பூர்வீகம்

ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தில் விட்டுச் சென்றவை யாவை என வினவுவோருக்கு ஐங்கோணக் கோட்டையும், 1707 இல் தொகுக்கப்பட்ட தேசவழமைச் சட்டமும் உடனே நினைவுக்கு வரும். வாசிகசாலைத் திண்ணைகளிலும் செத்தவீட்டுப் பந்தல்களிலும் நால்வர் கூடியவிடத்துத் தொடங்கிவிடும் முந்நூற்றுநான்கு என்னும் சீட்டாட்டத்தை அவ்வரிசையில் வைத்து எண்ணுவோர் அரியர். ஆட்டமென்று இகழ்ந்து ஒதுக்கப்பட்டமையே இதற்குக் காரணம் எனலாம். ஆயினும் கல்லினும் சட்டத்தினும் அதிகமாக மக்கள் கையில் புழங்கிய மரபு இதுவேயாகும்.

இவ்வாட்டத்தின் பெயரே அதன் கணக்கைக் கூறுவது. ஐம்பத்திரண்டு சீட்டுகளில் இரண்டு முதல் ஆறு வரையிலானவை நீக்கப்பட, எஞ்சுவன முப்பத்திரண்டு. ஒவ்வோரினத்திலும் ஜாக் 30, ஒன்பது 20, ஆசு 11, பத்து 10, இராசா 3, இராணி 2 எனப் புள்ளி பெறும். எட்டுக்கும் ஏழுக்கும் புள்ளியில்லை. ஓரினத்துக்கு 76 ஆக நான்கினத்துக்கும் 304 ஆகின்றது. இராசாவையும் ஆசையும் கீழே தள்ளி, ஜாக்கும் ஒன்பதும் முடிசூடும் இந்த விநோத ஒழுங்கு ஆங்கிலேயர் பரப்பிய ஆட்டங்களில் இல்லை. அது நெதர்லாந்தில் பதினெட்டாம் நூற்றாண்டில் ஆடப்பட்ட யாஸ் என்னும் ஆட்டக் குடும்பத்துக்கு உரியது. அக்குடும்பத்து ஆட்டமான கிளாவர்யாசில் துருப்பு ஜாக்குக்கு 20, துருப்பு ஒன்பதுக்கு 14 புள்ளிகள் உண்டு. ஆசுக்கும் பத்துக்கும் முறையே 11, 10 என்பது நம்மவர் கணக்கே. ஐரோப்பாவில் துருப்பினத்துக்கு மட்டுமே உரியதாயிருந்த இச்சிறப்பு இங்கு நான்கினங்களுக்கும் பொதுவாயிற்று.

சொற்களும் இதற்குச் சான்று பகருகின்றன. யாழ்ப்பாணத்தார் வழங்கும் கலாவரை என்பது ஒல்லாந்தரின் கிளாவரென் என்பதன் திரிபாம். சிங்களத்தில் வழங்கும் இஸ்கோப்ப, ஹாரத, ருயித, கலாபர என்னும் நான்கினப் பெயர்களும் ஒல்லாந்தச் சொற்களே. கடதாசி என்னும் சொல்லோ அதற்கு முற்பட்ட போர்த்துக்கேயர் தந்தது என்பர். யப்பானியர் சீட்டைக் கருத்தா என அழைப்பதும் போர்த்துக்கேயரின் கார்த்தா என்னும் சொல்லைக் கொண்டேயாம். 1543 இல் யப்பானை அடைந்த போர்த்துக்கேயர் 1619 இல் யாழ்ப்பாண அரசை வீழ்த்தினர். 1641 முதல் நாகசாக்கியின் தெசிமாத் தீவில் ஒடுங்கியிருந்த ஒல்லாந்தக் கம்பனியே 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியது. ஒரே கப்பற்காரர் இறக்கிய சரக்கு இரு கரைகளில் இரு வேறு விதமாக முளைத்தது.

எனினும் முந்நூற்றுநான்கு யாழ்ப்பாணத்திலேயே உருப்பெற்றது எனத் துணிந்து கூறுதல் இயலாது. கேரளத்தின் இருபத்தெட்டு என்னும் ஆட்டமும் ஜாக், ஒன்பது என்னும் இவ்வொழுங்கினதே. கொச்சியும் ஒல்லாந்தர் வசமிருந்ததன்றோ! 1860 முதல் நேற்றாலுக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளாகச் சென்ற இந்தியரின் வழித்தோன்றல்கள் டேர்பனில் ஆடும் தண்ணி என்னும் ஆட்டத்திலும் இதே புள்ளிகள், இதே 304. ஆகவே பழவேற்காடு, நாகபட்டினம், யாழ்ப்பாணம், கொச்சி என ஒல்லாந்தப் பண்டசாலைகள் நின்ற கரையெங்கும் இவ்வாட்டம் பரவியிருத்தல் கூடும். தனக்கே உரியதென யாழ்ப்பாணம் பெருமை கொள்வதற்கு இஃது ஓரளவு இடையூறே.

யப்பானில் நிகழ்ந்தது வேறு. அந்நியச் சீட்டுகளை அரசு மீண்டும் மீண்டும் தடைசெய்ய, அவை உருமாறி வாழ்ந்தன. அவற்றுள் ஒரு கிளை, சிப்பிகளைச் சோடி சேர்க்கும் பழைய அரண்மனை விளையாட்டோடு கலந்து, நூறு புலவர் பாடல்களைத் தாங்கிய கவிதைச் சீட்டாயிற்று. 1904 இல் தோக்கியோவில் அது போட்டியாட்டமாக ஒழுங்கமைந்தது. சுஎத்சுகு யூகியின் சிகாயாபுரு என்னும் சித்திரக்கதையும் 2011 முதல் வந்த அதன் அசைபடத் தொடரும் அதனை உலகறியச் செய்தன. அதன் அணிப்போட்டியில் ஐவர் அருகருகே அமர்ந்து ஐவரை எதிர்கொள்வர். மூவர் வென்றால் அணி வெல்லும். ஆயினும் தோழனின் சீட்டை மற்றொருவர் எடுத்துத் தரவியலாது. பாடலின் முதலசை ஒலித்தவுடன் தன் கை தன் சீட்டின்மேற் பாயவேண்டும். (அப்பாடசாலைப் போட்டிகள் நடைபெறும் ஓமி ஆலயத்துக்கும் இலங்கையின் ஓமிச் சீட்டாட்டத்துக்கும் ஒலி ஒப்புமையன்றி வேறு தொடர்பில்லை.)

யாழ்ப்பாணத்து ஆட்டத்தில் நிலைமை நேர்மாறானது. முதல் நான்கு சீட்டுகளைக் கண்டவுடனேயே கேள்வி தொடங்கும். குறைந்த கேள்வி 160. வென்றவன் துருப்பைக் கவிழ்த்து வைப்பான்; அஃது எவ்வினம் என எதிரே இருக்கும் கூட்டாளியும் அறியான். இனமில்லாதவன் சீட்டைக் கவிழ்த்தே போடுவான். துருப்பு வைத்தவன் அதனைப் பார்ப்பான். துருப்பாயின் வெளிப்படும், அன்றேல் பிறர் காணாமலே மறையும். கூட்டாளிக்குச் சாடை காட்டுதல் இழுக்கு. ஆதலின் போடும் சீட்டே பேச்சாகின்றது.

200 கேட்ட அணி ஏழாஞ் சுற்று முடிவில் 178 பெற்றிருக்கிறது எனக் கொள்வோம். எதிரணியிடம் 96. எஞ்சிய நான்கு சீட்டுகளுள் புள்ளியுடையது கலாவரை ஜாக் ஒன்றே. கேட்டவனின் கூட்டாளி அதனை இறக்குகிறான். துருப்பில் ஏழு சீட்டுகள் இறங்கிவிட்டன. எட்டாவதாகிய வெறும் ஏழு எவர் கையில்? கேட்டவனிடமாயின் 208, வெற்றி. எதிராளியிடமாயின் 178 இலேயே நின்று தோல்வி. புள்ளியற்ற சீட்டொன்று முப்பதைக் கொண்டுபோகும் இக்கணத்திற்குப் பின்னரே, ‘ஏன் அப்போது அதைப் போட்டாய்?’ என்னும் வழக்கு எழுந்து விடியும்வரை நீள்வது.

குறள் சூதுக்கு ஓரதிகாரம் வகுத்துக் கண்டித்திருப்பதைக் காட்டி, இவ்வாட்டத்தையும் சூதென்று கடிந்த பெரியோர் பலர். பணம் வைத்து ஆடியோரும் இல்லாமலில்லை. ஆனால் செத்தவீட்டில் இரவு முழுதும் விழித்திருக்க வேண்டியவர்களுக்கு இதனை விட்டால் வேறு என்ன இருந்தது என்பதை அப்பெரியோர் கூறினாரல்லர். போரினாற் சிதறிய மக்களோடு ரொறொன்ரோவுக்கும் இலண்டனுக்கும் சென்ற முந்நூற்றுநான்கு, அங்கு ஊர்ச்சங்கங்களினதும் பழைய மாணவர்களினதும் ஒன்றுகூடல்களில் கிண்ணம் வைத்து ஆடப்படும் போட்டியாயிற்று. அங்கும் கலாவரை கலாவரையே.