ரிலேவும் டிரான்சிஸ்டரும்: போட்டியாளர்கள் கூட்டாளிகளான கதை

கார் அலாரத்தின் சென்சார் தருவது சில மில்லி ஆம்பியர்தான். ஹாரன் அலறப் பல ஆம்பியர் வேண்டும். இடையில் இருவர் கைகொடுக்கிறார்கள்.

மூத்தவர் ரிலே. 1835-ல் இதை உருவாக்கியவர் அமெரிக்காவின் ஜோசப் ஹென்றி. சிறு மின்னோட்டம் சுருளைக் காந்தமாக்கும். காந்தம் பெரிய சுற்றை இணைக்கும். தந்தியும் தொலைபேசி நிலையங்களும் ரிலேவை நம்பியே வளர்ந்தன. ஆனால் முனைகள் தேய்ந்தன, வேகமும் போதவில்லை. மாற்று தேடிய பெல் ஆய்வுக்கூடத்தில் 1947 டிசம்பரில் பார்டீனும் பிராட்டெயினும் டிரான்சிஸ்டரை இயக்கிக் காட்டினார்கள்.

ரிலேவை ஓரங்கட்ட வந்தவரே இன்று அதன் சுருளை இயக்குகிறார்! சுருள் அணையும்போது பாயும் எதிர் மின்னழுத்தம் டிரான்சிஸ்டரைச் சுட்டுவிடும். சுருளுக்குக் குறுக்கே ஒரு டையோடு அவசியம். அதை மறந்து நான் ஒன்றைப் பலி கொடுத்திருக்கிறேன், நீங்கள் மறக்காதீர்கள்.