கல்வெட்டில் ஏறாத பெயர்கள்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், திண்டுக்கல் சமவெளி முடியும் இடத்தில் இருப்பது எங்கள் ஊராகிய கன்னிவாடி. மதுரை நாயக்கர் ஆட்சியில் அமைந்த எழுபத்திரண்டு பாளையங்களுள் அதுவும் ஒன்று. பாளையத்தை ஆண்டவர்களின் பெயர்களை வரலாறு கூறும். ஆனால் அவர்கள் காலத்தில் கண்மாய்க் கரைக்கு மண் சுமந்தவர் யார், மடையைக் காத்தவர் யார் என்று கேட்டால் வரலாறு வாய் திறவாது. இந்தக் குறை பாளையத்தின் வரலாற்றுக்கு மட்டும் உரியதன்று. கல்விக் கூடங்களின் வரலாற்றிலும் இதே குறை உண்டு. அதைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

எங்கள் ஊரிலிருந்து திண்டுக்கல் சென்று, அங்கிருந்து மதுரைச் சாலையில் பயணம் செய்தால், சிறுமலைச் சாரலில் சின்னாளபட்டிக்கு அருகே காந்திகிராமம் வரும். கஸ்தூரிபா காந்தி 1944ஆம் ஆண்டில் சிறையிலேயே உயிர் நீத்தார். அவர் நினைவாக ஓர் அறக்கட்டளை எழுந்தது. அதன் தமிழ்நாட்டுப் பணியைக் காந்தியடிகள் டாக்டர் சௌந்தரம் அம்மையாரிடம் ஒப்படைத்தார். டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகளான அவர், இளமையிலேயே கணவரை இழந்தவர். துயரத்தில் முடங்கிவிடாமல் டில்லி சென்று மருத்துவம் பயின்றார். பின்னர் 1940இல் ஜி. இராமச்சந்திரனை மணந்தார். இவ்விருவரும் 1947இல் தோற்றுவித்ததே காந்திகிராமம். 1956இல் அங்கே கிராமிய உயர்கல்வி நிலையம் தொடங்கியது. 1976இல் அது நிகர்நிலைப் பல்கலைக் கழகமாயிற்று.

இவை தேர்வுக்கு எழுத வேண்டிய செய்திகள். இவற்றோடு நிறுத்திக்கொண்டால் பாதி வரலாற்றையே அறிந்தவர்கள் ஆவோம்.

பல்கலைக் கழகம் என்பது யாது? துணைவேந்தரும் பேராசிரியரும் மாணவரும் சேர்ந்தது என்று விடை வரும். நன்று. அந்த மாணவர் விடியலில் எழுந்து முகம் கழுவத் தொட்டியில் நீர் நிரப்பியவர் யார்? அவர் எழுவதற்கு முன்பே எழுந்து அடுப்பு மூட்டியவர் யார்? நூலகத்தில் அவர் கேட்ட நூலை ஏணி வைத்து எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தவர் யார்? அவர் உறங்கும்போது விழித்திருந்து வாயிலைக் காத்தவர் யார்? சாக்கடை அடைத்துக்கொண்டால் ஒரே நாளில் விடுதி முழுவதும் கலங்கிவிடும். அதை அடைபடாமல் வைத்திருந்தவர் யார்? பேராசிரியர் ஒருவர் ஒரு வாரம் விடுப்பில் சென்றால் ஒரு பாடம் நிற்கும். மேற்சொன்னவர்கள் ஒரு வாரம் வாராவிட்டால் பல்கலைக் கழகமே நிற்கும்.

இந்த உண்மையைக் காந்தியடிகள் தெளிவாக உணர்ந்திருந்தார். தென்னாப்பிரிக்காவில் 1910இல் அவர் அமைத்த டால்ஸ்டாய் பண்ணையில் சமையலும் துப்புரவும் எல்லோர்க்கும் பொதுவான வேலைகள். ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் அதில் விலக்கு இல்லை. 1937இல் வார்தாவில் அவர் முன்வைத்த ஆதாரக் கல்வியும் கைத்தொழிலை நடுவில் வைத்தே அறிவை வளர்க்க முயன்றது. இவ்வழியில் வந்த காந்திகிராமமும் மாணவர்களைக் கிராமங்களில் சென்று தங்கிப் பயிலச் செய்தது. அங்கே பாடம் சொல்பவர் உழவரும் நெசவாளரும் தாய்மாரும் ஆவர். பட்டம் அவர்களுக்கு இல்லை. பட்டம் பெறுவோரை உருவாக்கியதில் அவர்களுக்குப் பங்கு உண்டு.

இத்தகைய நன்றியுணர்வு நமக்குப் புதியதும் அன்று. முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் எண்ணாயிரம் என்னும் ஊரில் 340 மாணவரும் 14 ஆசிரியரும் கொண்ட கல்லூரி இருந்தமையைக் கல்வெட்டால் அறிகிறோம். வீரராசேந்திர சோழன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. பாலாற்றங்கரைக் கோயிலான அங்கே கல்லூரியும் விடுதியும் பதினைந்து படுக்கைகள் கொண்ட மருத்துவமனையும் இருந்தன. மருத்துவரைச் சொன்ன அக்கல்வெட்டு, மூலிகையும் விறகும் கொண்டுவருவோரையும், நோயாளிகளைப் பேணும் பெண்டிரையும், நாவிதரையும், நீர் கொணர்பவரையும் விடாமல் சொல்கிறது. மாணவர் சனிக்கிழமையில் தேய்த்துக் குளிக்கும் எண்ணெய்க்கும் அதில் கணக்கு உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலிலோ இராசராசன் ஏறத்தாழ நானூறு ஆடல் மகளிரின் பெயர்களையும், அவர்கள் குடியிருந்த வீடுகளின் வரிசையையும் கல்லில் வெட்டச் செய்தான்.

அக்காலத்தில் ஏற்றத்தாழ்வு இல்லை என்று நான் சொல்லவில்லை. ஏற்றத்தாழ்வு மிகுதியாகவே இருந்தது. திருமுக்கூடலிலும் பணியாளர் எல்லோருடைய பெயரும் எழுதப்படவில்லை. எனினும், அவர்களின் பணியும் அதற்குரிய நெல்லும் எழுதப்பட்டன. ஒரு கல்விச்சாலை நடைபெற இன்னின்னார் வேண்டும் என்று அரசின் ஆவணமே ஒப்புக்கொண்டது. இன்று நாம் கட்டடங்களில் பதிக்கும் சலவைக்கல்லில் யார் பெயர் இருக்கிறது? திறந்து வைத்தவர் பெயரும் தலைமை தாங்கியவர் பெயரும் இருக்கின்றன. கல் சுமந்தவர் பெயர் இல்லை.

பிறரைக் குறை கூறும் தகுதி எனக்கு உண்டா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை என்பதை நானே சொல்லிவிடுகிறேன். நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளியின் விழாவுக்கு ஒரு மலர் வெளியிட்டோம். பள்ளியின் வரலாற்றை நானே எழுதினேன். நிலம் ஈந்தவர், நன்கொடை அளித்தவர், முன்னாள் ஆசிரியர் ஆகியோரின் பெயர்களைப் பலமுறை சரிபார்த்தேன். விழா முடிந்த மறுநாள், எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி மலரைக் கையில் ஏந்தியபடி என் அறைக்கு வந்தாள். “ஐயா, எங்கள் அப்பத்தா பெயர் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?” என்று கேட்டாள்.

அவளுடைய அப்பத்தா எங்கள் பள்ளியில் நெடுங்காலம் நீர் சுமந்தவர். வறண்ட கோடையிலும் பானைகள் காலியாக இருந்து நான் கண்டதில்லை. பிள்ளைகளும் ஆசிரியர்களும் அவரை ‘ஆயா’ என்றே அழைத்தோம். அவர் இயற்பெயர் யாது என்று அச்சிறுமியைக் கேட்டுத்தான் நான் அறிந்தேன். அப்போது அந்த அம்மையார் உயிரோடு இல்லை. மலரை மறுபடி அச்சிடப் பணமும் இல்லை. பள்ளியில் வைத்திருந்த படியின் கடைசிப் பக்கத்தில் அவர் பெயரை என் கையாலேயே எழுதினேன். பிறகு பழைய பதிவேடுகளைப் புரட்டி, துப்புரவாளர், காவலர், சத்துணவு சமைத்தோர் ஆகியோரின் பெயர்களையும் சேர்த்தேன். சில பெயர்கள் கிடைத்தன, பல கிடைக்கவில்லை. கிடைக்காதவற்றுக்குக் காலம் மட்டும் காரணம் அன்று. கேட்கத் தவறிய என் போன்றோரும் காரணம்.

மாணவச் செல்வங்களே, வரலாறு என்பது இறந்த காலத்தைப் படிப்பது மட்டும் அன்று. நாளைய வரலாற்றுக்குச் சான்று சேர்ப்பதும் ஆகும். உங்கள் கல்லூரியிலும் விடுதியிலும் உழைப்பவர் உங்கள் எதிரிலேயே இருக்கிறார். அவர் பெயரைக் கேளுங்கள். எந்த ஊர், எத்தனை ஆண்டுப் பணி, வேலையில் சேர்ந்த நாளில் அந்த இடம் எப்படி இருந்தது என்று கேட்டுக் குறிப்பேட்டில் எழுதி, நாளும் இடுங்கள். உங்கள் நிறுவனத்தைப் பற்றி எந்த நூலிலும் இல்லாத செய்தி அவரிடம் கிடைக்கும். உரிய கூலியும் பாதுகாப்பும் அவருக்குக் கிடைக்கின்றனவா என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். கூலியை மறந்துவிட்டுக் கைகூப்புவது நன்றி ஆகாது. திருமுக்கூடல் கல்வெட்டு நெல்லின் அளவையும் சேர்த்தே எழுதியது.

நாளைக் காலை விடுதியில் உங்கள் இலையில் சோறு இடுபவரை நிமிர்ந்து பாருங்கள். அவர் பெயர் உங்களுக்குத் தெரியுமா? தெரியாதெனில், உண்டு முடித்துக் கை கழுவியதும் அவரிடம் சென்று கேளுங்கள். நான் கேட்கப் பிந்திவிட்டேன்; நீங்கள் பிந்த வேண்டாம்.